புலி மல்லாந்து கிடக்கும் பதக்கம்

ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தில் என் கண் முதலில் போய் நிற்பது புலியிடம். மேலே ஏறி நிற்கும் சிங்கம் பிரிட்டிஷ் முத்திரைகளில் நாம் பார்த்துச் சலித்த அதே சிங்கம்தான். பிடரி சிலிர்ப்பில்கூடப் புதுமை இல்லை. கீழே மல்லாந்து கிடக்கிறதே புலி, அதில்தான் செதுக்கியவனின் கை பேசுகிறது. தோற்ற மிருகம் என்று சொல்லத்தான் படம். ஆனால் செத்த மிருகமாக அதை அவன் காட்டவில்லை.

1799 மே 4-இல் கோட்டை விழுந்து திப்பு சுல்தான் மாண்டதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்த நினைவுப் பதக்கம் இது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில், கான்ராட் ஹைன்ரிக் குக்லர் என்ற கலைஞர் அச்சு வெட்டினார். குறுக்களவு 48 மில்லிமீட்டர். சிங்கத்துக்கு மேலே ஒரு கொடி பறக்கிறது. கொடியில் பிரிட்டிஷ் சின்னம். அதை ஒட்டி, பொடிப்பொடியாக அரபு எழுத்து: ‘அசதுல்லாஹ் அல்-காலிப்’. இறைவனின் சிங்கமே வெல்லும் என்று பொருள். ஹஸ்ரத் அலியைக் குறிக்கும் பட்டம்.

இந்த வாசகம் திப்புவுடையது. தன் ஆயுதங்களில் இதையே பொறித்துவைத்தவர் அவர், அதுவும் எப்படி? எழுத்துகளை வளைத்து நெளித்து, தன் சின்னமான புலியின் முகமாகவே ஆக்கி. சிங்கம் என்று படிக்க வேண்டியதைப் புலியாகப் பார்க்கவைத்த அந்தக் குறும்பை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கம்பெனிக்காரர்கள் அந்த வாசகத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் சிங்கத்தின் தலைக்கு மேல் கட்டிவிட்டார்கள். கோட்டைக் கஜானாவைக் கொள்ளையடித்தது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கொள்ளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும்.

திருப்பினால் போர்க்களம். உடைந்த மதிலை நோக்கிப் படை ஏறுகிறது. இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்தது உச்சியில் நிற்கும் சூரியன். அழகுக்காக வைத்ததென்று நினைத்துவிடக் கூடாது, அது கடிகாரம். தாக்குதல் தொடங்கியது மதியம் ஒரு மணி வாக்கில். காவல் தளர்ந்திருக்கும் நேரம் என்று பார்த்துக் குறித்த வேளை. மே மாதக் காவிரியில் தண்ணீர் வற்றி, பாறை தெரிந்த படுகையில் சிப்பாய்கள் இறங்கிக் கடந்தார்கள். கீழே பாரசீக எழுத்தில் ஹிஜ்ரி 1213, துல்கஅதா 28 என்று தேதி. மறுபக்கத்தில் அதே நாள் ரோமன் எண்களில். ஒரே நாளுக்கு இரண்டு பஞ்சாங்கம்!

அன்று முன்னால் நின்று படையை நடத்தியவர் மேஜர் ஜெனரல் டேவிட் பேர்ட். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் மூன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்தவர். கோட்டையைப் பிடித்தது அவர். அடுத்த நாளே நகரத்தின் பொறுப்பைத் தூக்கிக் கொடுத்தது ஆர்தர் வெல்லெஸ்லி என்ற கர்னலிடம். அவர் கவர்னர் ஜெனரலின் தம்பி. பிற்காலத்து வெலிங்டன் பிரபு. பேர்டின் மனத்தாங்கல் கடைசிவரை ஆறவில்லை. பதக்கத்தில், மொத்தப் படைக்கும் தளபதியான ஹாரிஸ் உட்பட ஒருவர் பெயரும் இல்லை. சூரியனும் மதிலும் போதும் என்று விட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

தரவரிசை வேறு வழியில் வந்து சேர்ந்தது: உலோகத்தில். மேலிடத்தாருக்குத் தங்கத்தில் 30. அடுத்த நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியில் 185. அதற்கும் கீழே வெள்ளி, பிறகு வெண்கலம். சாதாரணப் படைவீரருக்கும் சிப்பாய்க்கும் வெள்ளீயத்தில் சுமார் 45,000. வடிவம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஹாரிஸின் தங்கத்தில் எத்தனை வரியோ, சென்னைப் படையின் சிப்பாய் கையில் இருந்த ஈயப் புலிக்கும் அத்தனை வரி. மென்மையான உலோகமாதலால் வெள்ளீயம் அச்சின் நுணுக்கத்தை நன்றாகவே வாங்கிக்கொள்ளும். என்ன, வாங்கிய வேகத்தில் தேய்த்தும் விடும். இன்று தங்கத்தில் மீசை முடிவரை தெரியும் புலி, ஈயத்தில் பல இடங்களில் வெறும் மேடு.

பதக்கம் கைக்கு வந்து சேர 1808 ஆகிவிட்டது. இடையில் 1806 ஜூலை 10 வந்து போயிருந்தது. வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்கள் திப்புவின் கொடியை ஏற்றியிருந்தார்கள். அந்தச் சென்னைப் படைக்குத்தான் இரண்டு ஆண்டு கழித்து, புலி மல்லாந்து கிடக்கும் ஈயத்தைக் கொடுத்தார்கள். அச்சு முன்பே வெட்டியாகிவிட்டது, வேறென்ன செய்ய?

சட்டையில் மாட்ட வளையமும் வைக்கவில்லை. வேண்டியவர்கள் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். அதனால் ஆளுக்கொரு தினுசு வளையம். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பதும் மாட்டுகிறவன் இஷ்டம். என்னைக் கேட்டால் சூரியன் பக்கத்தைத்தான் வெளியே வைப்பேன். வேலைப்பாட்டில் அதுதான் உசத்தி.