உறுமியின் உரசல் முகம்

உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றை நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள், இன்னொன்றை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அடிக்கிற முகத்தை எந்த மைக்கும் பிடித்துவிடும். தேய்க்கிற முகத்திடம்தான் மைக்கின் குணம் தெரியும். குச்சி தோலின் மேல் ஒரே இழுப்பாக வழுக்கிப் போவதில்லை. ஒட்டுகிறது, விடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இந்தத் திக்கல் நடக்க நடக்க, தோல் முனகுகிறது. வருசநாட்டுப் பக்கம் சாமி கும்பிடு நடக்கிற ராத்திரியில், மூல வைகையின் மணலைத் தாண்டி அக்கரையில் நின்று கேட்டால் அந்த முனகல்தான் வந்து சேரும். குச்சியின் சரசரப்பு வழியிலேயே கரைந்துவிடும். பக்கத்தில் போனால் இரண்டும் சேர்ந்து கேட்கும். முனகல் எவ்வளவு, சரசரப்பு எவ்வளவு என்று பங்கு போடுவதுதான் பதிவு செய்கிறவரின் வேலை.

டைனமிக், கண்டன்சர், ரிப்பன் என்ற மூன்று வகை மைக்கும் இந்தப் பங்கை மூன்று விதமாகப் போடுகின்றன. மேடையில் பார்க்கிற டைனமிக் மைக்கில் ஒலி படும் சவ்வோடு செம்புக் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கிறது. அது காந்தத்துக்குள் முன்னும் பின்னும் அசைந்து மின்சாரம் உண்டாக்கும். சுருளின் கனத்தை இழுத்துக்கொண்டு அசைவதால் மிக நுண்ணிய அதிர்வுகளோடு அதனால் முழுதாக ஓட முடியாது. உறுமியின் முனகல் இதில் சதையோடு வரும், சரசரப்பு மங்கும். கண்டன்சரில் சுருளே இல்லை. சில மைக்ரான் கனமுள்ள, தங்கம் பூசிய சவ்வு ஒரு தகட்டுக்கு எதிரே மின்னூட்டத்தோடு நிற்கிறது, அவ்வளவுதான். அது எதையும் தப்ப விடாது. குச்சியின் வறட்டு உரசல், வாசிக்கிறவரின் மூச்சு, வளையத்துக் கயிற்றின் நெறிப்பு எல்லாம் முன்னுக்கு வந்து நிற்கும். முனகல் பின்னால் போய்விடும்.

ரிப்பன் மைக்கில் இரண்டு காந்தங்களுக்கு நடுவே, சுமார் இரண்டு மைக்ரான் கனத்தில் அலுமினிய நாடா ஒன்று தொங்குகிறது. சவ்வும் அதுவே, சுருளும் அதுவே. மேல் ஸ்தாயியில் அது எதையும் தூக்கிக் காட்டாது. உச்சிக்குப் போகப் போக மெதுவாகத் தணியும். உறுமிக்கு முன்னால் மூன்றடி தள்ளி ரிப்பனை வைத்துக் கேட்டால், அக்கரை முனகலும் கிட்டத்துச் சரசரப்பும் ஒரே குரலின் இரண்டு நிறமாகச் சேர்ந்து வரும். ரிப்பனுக்கு முன்னும் பின்னும் மட்டும்தான் காது, பக்கவாட்டில் செவிடு. பக்கத்தில் தவில் முழங்கினால் அந்தச் செவிட்டுப் பக்கத்தைத் தவிலுக்குத் திருப்பி வைத்தால் போதும். உறுமியைப் பதிவு செய்ய வேறு மைக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் தீர்மானம்.

நாகஸ்வரத்தில் எல்லாரும் செய்கிற ஒரு காரியம், அணசுக்கு நேரே மைக்கை நீட்டுவது. கல்யாண மண்டபத்திலும் இதுதான், வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவிலும் இதுதான். ஆனால் அணசு வழியாக மட்டும் நாகஸ்வரம் பேசுவதில்லை. விரல் எடுத்த துளைகள் வழியாகவும் ஒலி புறப்படுகிறது. அணசிலேயே காதை வைத்தால் சில ஸ்வரங்கள் காட்டுக்கத்தலாகவும் சில சோகையாகவும் வரும். கமகம் பாதி வழியில் அறுந்ததுபோல் இருக்கும். நாலைந்தடி தள்ளி, உலவின் நடுப்பாகத்தைப் பார்க்கிற மாதிரி வைக்கும்போதுதான் சீவாளியின் கார்வையும் அணசின் வீச்சும் ஒன்றாகின்றன. அங்கேயும் கண்டன்சரைவிட ரிப்பனே எனக்கு உவப்பு. சீவாளிக்கு இயற்கையிலேயே ஒரு கூர்மை உண்டு. பல கண்டன்சர்கள் உச்சியில் கொஞ்சம் தூக்கிக் காட்டுபவை. கூர்மைமேல் கூர்மை ஏறினால் செவி கூசும்.

பறைக்கு மட்டும் டைனமிக். தீயில் காய்ச்சி இறுக்கிய தோலில் சுண்டுக்குச்சி படும் அந்தத் தெறிப்பு கண்டன்சரில் வந்தால் ஊசியாகக் குத்தும்.

குரலுக்கு வரும்போது என் தராசு மாறுகிறது. ஒரு அம்மாச்சி பேரனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடுகிறார் என்று வையுங்கள். மேடைப் பாட்டு மாதிரி அது வெளியே எறிகிற குரல் இல்லை. பிள்ளையின் காது வரைக்கும் போனால் போதும் என்று பாடுகிற குரல். வரி முடியும் இடத்தில் ஸ்வரம் நிற்காது, மூச்சாக மாறி அடங்கும். அந்த மாறுகிற கணத்தை டைனமிக் கத்தரித்துவிடும். பெரிய சவ்வுள்ள கண்டன்சர், 1967இல் வந்த நியூமன் யு87 போன்ற ஒன்று, அந்த மூச்சின் வாலைக் கடைசிவரை பின்தொடரும். அதோடு உத்தரத்தில் கட்டிய தொட்டில் கயிறு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிறீச்சிடுமே, அதையும் எடுத்து வரும். அதைச் சத்தம் என்று நீக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் நீக்க மாட்டேன். பாட்டுக்குத் தாளம் அந்தக் கயிறுதான்.

மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைக்கலாம். அதைவிடக் கிட்டப் போனால், ஒருபக்கக் காதுள்ள பெரும்பாலான மைக்குகளில் கீழ் ஸ்தாயி பருத்துக்கொண்டே போகும். வயதான மெல்லிய குரல் வானொலி அறிவிப்பாளர் குரலாகிவிடும். தூரப் போனால் வீட்டுச் சுவரின் எதிரொலி கலந்துவிடும். சுவருக்கு மருந்து இந்த வட்டாரத்திலேயே விளைகிறது. போடிக்கும் கடமலைக்குண்டுக்கும் பேர் வாங்கித் தந்த இலவம்பஞ்சு! அந்தப் பஞ்சு மெத்தைகளை நிமிர்த்திப் பாடுகிறவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் சாத்தினால், பஞ்சு இழைகளுக்குள் புகுந்த காற்று உராய்ந்து உராய்ந்தே மேல் ஸ்தாயி எதிரொலியை விழுங்கிவிடும். அடித்தொனிக்கு அந்தக் கனம் போதாது. தாலாட்டுக்கு அது பெரிய குறையுமில்லை.

வெளியே வந்தால் இந்த வட்டாரத்தின் காற்று காத்திருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிற காற்றுதான் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக்காற்று ஒரு வீச்சு வீசினால் ரிப்பனின் நாடா நீண்டு தொய்ந்துவிடும், கிழிந்தும் போகலாம். அங்கே டைனமிக்கின் கனமே அதற்குக் காவல். எஸ்.எம்.58 மாதிரி கம்பிவலைத் தலைக்குள் பஞ்சு வைத்த மைக் ஊர் ஊராக மைக்செட்டில் நிலைத்தது விலையால் மட்டும் அல்ல. நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டி அது குரலைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். சொல் தெளிவு குடியிருக்கும் இடம் அது. அடித்தொண்டையிலிருந்து எழும் ஒப்பாரியில் குரல் உடையும் விளிம்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது; அதை இந்த எளிய மைக் பிடிப்பது போல விலை கூடியவை பல பிடிப்பதில்லை.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் பாடப் போனபோது எஸ்.எம்.58 பிறக்கவில்லை, அது 1966இல்தான் வந்தது. அந்தப் பிரசாரத்தில் தம்பி இளையராஜாவும் உடன் போனார். அந்தக் காலத்து மேடைகளில் பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் தனித்தனி மைக் கிடைப்பது அபூர்வம். வாய்க்கும் பெட்டிக்கும் நடுவே மைக் எங்கே நிற்கிறதோ அதுவே கலவை. குரல் உயர வேண்டிய இடத்தில் முகத்தை முன்னே கொண்டுபோவதும், ஆர்மோனியம் பேச வேண்டிய இடத்தில் பின்வாங்குவதும் பாடுகிறவரின் உடம்பே கற்றுக்கொண்ட கலை.

கும்மிக்கு இன்னும் எளிய ஏற்பாடு. நாலாபக்கமும் ஒரே காதாகக் கேட்கிற மைக் ஒன்று போதும். அந்த வகைக்குக் காற்றின் இரைச்சலும் குறைவாகவே ஏறும். வட்டத்தின் நடுவில் நட்டால் எல்லாக் கைத்தட்டும் ஒரே நேரத்தில் வந்து விழும். பட்டென்று இருக்கும், ஆனால் ஒல்லியாக. வட்டத்துக்கு வெளியே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். வட்டம் நாலு மீட்டர் அகலம் என்றால், எதிர்ப்பக்கத்துத் தட்டு இந்தப் பக்கத்துத் தட்டைவிட நொடியில் நூற்றில் ஒரு பங்கு பிந்தி வரும். அந்தப் பிந்தலைக் காது தனியாகப் பிரித்துக் கேட்காது. தட்டு தடித்து, கை நிறைந்து கேட்கும். ஊர்ப் பொம்பளைகள் சுற்றி வரும்போது ஓரத்தில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கேட்கிற கும்மி அது. நான் வெளியேதான் வைப்பேன்.