இழப்பின் கணக்கு: ஆடுபுலி ஆட்டத்தின் இரையாடும் ‘நெக்ரோபொட்டன்ஸ்’ மந்திர அட்டையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாட்டுப்புற விளையாட்டுகள் குறித்த ஆய்வுகள் ஆட்டக்கருவியையும் விதியையும் பதிவுசெய்கின்றன. ஆடுவோரின் தேர்வை மதிப்பிடுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் அறியப்பட்ட ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டைத் தெரிந்தே இழக்கும் உத்தியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் அட்டை ஆட்டத்தில் உயிர்ப்புள்ளியை விலையாகக் கேட்கும் ஒரு மந்திர அட்டையோடு அதனை ஒப்பிடுகிறது. இரண்டிலும் இழக்கப்படும் அலகின் எண்ணிக்கை நிலையானது. அதன் மதிப்பு களநிலைக்கேற்ப மாறுவது. இவ்வேறுபாட்டைக் காணாத விளக்கங்கள் ஆட்டத்தைப் பிழைபட வாசிக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஆடுபுலி ஆட்டம், இரையாடு, மந்திர அட்டை, இழப்பு, ஊதியம், நாட்டுப்புற விளையாட்டியல்.

முன்னுரை

விளையாட்டின் பொருள்கள் எஞ்சுகின்றன. விளையாடிய அறிவு எஞ்சுவதில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரம் ‘வல்’ என்னும் சொல்லுடன் ‘நாய்’, ‘பலகை’ ஆகிய சொற்கள் புணர்வதற்கு விதி கூறுகிறது. இங்கு நாய் என்பது ஆட்டக்காயைக் குறிக்கும். காயின் பெயரும் பலகையின் பெயரும் இலக்கணத்தின் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ளன. அப்பலகையில் தேர்ந்த ஆட்டக்காரர் எக்காயை ஏன் நகர்த்தினார் என்பது கிடைக்கவில்லை. புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2023-இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் வட்டச்சில்லுகள் வெளிப்பட்டன. சில்லு கையில் இருக்கிறது, ஆட்டம் இல்லை.

பழங்காலத்திற்கு நேர்ந்த இவ்விழப்பு நம் காலத்திற்கும் நேர வேண்டியதில்லை. ஆடுபுலி ஆட்டத்தை நன்கு அறிந்த முதியோர் திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி வட்டாரங்களில் இன்றும் உள்ளனர். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே ஆய்வாளர் முன்னுள்ள வினா. விதியை மட்டும் கேட்டால் விதி கிடைக்கும். மதிப்பீட்டைக் கேட்டால் ஆட்டம் கிடைக்கும்.

முன்னாய்வுகளின் எல்லை

இத்துறையின் அடித்தள நூல்களுள் ஒன்று ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’. ஆடுவோர் பாலும் ஆடும் பொழுதும் அந்நூலின் பகுப்புக்கு அடிப்படை. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பெயர், கருவி, ஆடும் முறை, தோற்றம் ஆகியன தரப்படுகின்றன. அழியும் நிலையிலிருந்தவற்றை முதலில் பெயர் சொல்லித் தொகுக்க வேண்டிய காலத்தில் இவ்வமைப்பு பொருத்தமுடையதாக இருந்தது. பின்வந்த தொகுப்புகள் பலவும் அதே அமைப்பிலேயே நின்றுவிட்டன என்பதுதான் குறை. விதிகளின் பட்டியலுக்குப் பின் ‘இவ்வாட்டம் சிந்தனைத் திறனை வளர்க்கிறது’ என்ற ஒரு தொடர் இடம்பெறும். எந்தச் சிந்தனை, எவ்விடத்தில், எதைத் தேர்ந்து எதை விடுகிறது என்ற விளக்கம் இடம்பெறாது.

மற்றொரு போக்கு உருவக விளக்கம். வலியோரான புலிகளை எளியோரான ஆடுகள் ஒற்றுமையால் வெல்கின்றன என்பது பரவலாகக் கூறப்படும் கருத்து. ஆட்டத்தின் தோற்றத்திற்கு இது பொருந்துகிறது. ஆட்டத்தின் உள்ளியக்கத்திற்குப் பொருந்துகிறதா என்பதைக் கணக்கிட்டுத்தான் காண வேண்டும்.

அளவுகோல்

அக்கணக்கிற்குரிய சொற்கள் தமிழிலேயே உள்ளன. திருக்குறளின் 47-ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை, ஒரு செயலில் அழிவது, ஆவது, பின்னர் விளையும் ஊதியம் என்னும் மூன்றையும் எண்ணச் சொல்கிறது (குறள் 461). ஊதியத்தை விரும்பி முதலையே இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பதும் அவ்வதிகாரக் கருத்தே (குறள் 463). சூது அதிகாரத்தின் முதற்குறள், சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலோடு ஒப்பிடுகிறது (குறள் 931). முன்னவை இரண்டும் விலை கொடுப்பவன் பக்கம் நின்று பேசுகின்றன. மூன்றாவது இரையை விழுங்குபவனை எச்சரிக்கிறது. ஓர் ஆட்டத்தில் இவ்விரு பக்கங்களும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன.

மந்திர அட்டையின் விலை

ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993-இல் வெளிவந்தது. அட்டைகளைச் சேகரித்தும் மாற்றிக்கொண்டும் ஆடப்படும் இவ்வாட்டத்தில் ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவர்; உயிர் சுழியானால் தோல்வி. ஒவ்வொரு முறையிலும் தம் கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுப்பர். ‘மானா’ எனப்படும் ஆற்றலைச் செலவிட்டு மந்திரங்களை ஏவுவர்.

1995-இல் வெளியான ‘ஐஸ் ஏஜ்’ தொகுதியில் ‘நெக்ரோபொட்டன்ஸ்’ இடம்பெற்றது. இதன் விலை மூன்று கரிய மானா. இது களத்தில் இருக்கும்வரை உரியவர் வழக்கமாக எடுக்கும் அட்டையை எடுக்க முடியாது. அவர் கைவிடும் அட்டைகள் ஆட்டத்தை விட்டே நீங்கிவிடும். மாறாக, ஓர் உயிர்ப்புள்ளி செலுத்தும்தோறும் கட்டின் மேலட்டை ஒன்று ஒதுக்கி வைக்கப்பட்டு, முறையின் இறுதியில் கைக்கு வரும். எத்தனை உயிர் செலுத்துவது என்பது அவர் விருப்பம்.

வெளிவந்த தொடக்கத்தில் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. அட்டையின் வாசகத்தில் இழப்புகள் முன்னே நிற்கின்றன: அட்டை எடுக்கும் உரிமை போகிறது, கைவிட்டது மீளாது, உயிர் குறைகிறது. ஆயினும் 1996-இல் இவ்வட்டையை மையமாகக் கொண்ட கட்டுகள் போட்டிக்களத்தை ஆண்டன. அப்பருவம் ‘கருங்கோடை’ என்று பொருள்படும் பெயரால் இன்றும் நினைவுகூரப்படுகிறது. பின்னாளில் இவ்வட்டை ‘லெகசி’ வகைப் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. ‘விண்டேஜ்’ வகையில் கட்டுக்கு ஒன்று என வரையறுக்கப்பட்டது.

முதல் மதிப்பீட்டில் நேர்ந்த பிழை எண்ணுவதில் நேர்ந்ததன்று. எண்ணிய பொருளுக்கு நிலையான மதிப்பு உண்டெனக் கொண்டதில் நேர்ந்தது. 7 உயிரைச் செலுத்தி 7 அட்டை பெறுபவரின் உயிர் 20-இலிருந்து 13 ஆகிறது. அவ்வேழு அட்டைகளை வழக்கமான முறையில் எடுக்க ஏழு முறைகள் ஆகும். 13 உயிர் உள்ளவரும் 20 உயிர் உள்ளவரும் ஆட்டத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றனர். இறுதிப் புள்ளி போகும்போதுதான் தோல்வி. 20-ஆம் உயிரும் கடைசி உயிரும் எண்ணில் ஒன்றே, மதிப்பில் ஒன்றல்ல. முன்னது செலவிடத்தக்க பொருள், பின்னது முதல். ‘டார்க் ரிச்சுவல்’ ஒரு கரிய மானாவை மூன்றாக்கி இம்மந்திரத்தை முதல் முறையிலேயே ஏவ உதவியது. எதிரியைத் தாக்கித் தன் உயிரைக் கூட்டும் ‘டிரெய்ன் லைஃப்’ செலவிட்டதில் ஒரு பகுதியை மீட்டது. எனவே இவ்வட்டையின் விலை அட்டையில் மட்டும் இல்லை. உடனிருக்கும் அட்டைகளிலும் இருக்கிறது.

எதிரி விரைந்து தாக்கும் கட்டை வைத்திருந்தாலோ நிலை மாறும். அப்போது ஒவ்வோர் உயிரும் முதலை நெருங்கிய உயிராகிவிடும். அதே மந்திரம், அதே விலை; ஊதியமோ வேறு.

இரையாட்டின் விலை

ஆடுபுலி ஆட்டத்திற்கு ஊர்தோறும் வேறுபாடு உண்டு. இங்குக் கொள்ளப்படும் வடிவத்தில் 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். உச்சியிலிருந்து இறங்கும் நான்கு கோடுகளை மூன்று கிடைக்கோடுகள் வெட்டி இருபுறமும் நீள்கின்றன; நீண்ட முனைகளைப் பக்கக்கோடுகள் இணைக்கின்றன. உச்சியில் 1, மேல்வரி, நடுவரி, கீழ்வரி ஒவ்வொன்றிலும் 6, அடிவரியில் 4 எனப் புள்ளிகள் அமைகின்றன. ஆடுகள் ஒவ்வொன்றாக வைக்கப்படும். அனைத்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகராது. புலி அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி அதே கோட்டின் வெற்றுப்புள்ளியில் இறங்கினால் அவ்வாடு வெட்டுண்டது. வெட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று புலிகளையும் அசைய விடாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி.

ஒரு புலியை அடைக்க எத்தனை ஆடுகள் தேவை? அடுத்துள்ள புள்ளிகளும் அவற்றைத் தாண்டிய புள்ளிகளும் நிரம்ப வேண்டும். உச்சியிலோ நடுவரியின் நடு இரு புள்ளிகளிலோ நிற்கும் புலிக்கு 8 ஆடுகள் தேவை. வரிகளை இடமிருந்து எண்ணினால், மேல்வரி 3-இல் நிற்கும் புலிக்கு 7. மேல்வரி 1 என்னும் ஓரப்புள்ளியில் நிற்கும் புலிக்கு 4 போதும்: மேல்வரி 2, 3, பக்கக்கோட்டில் நடுவரி 1, கீழ்வரி 1. ஆக, புலியின் வலிமை புலியில் இல்லை. அது நிற்கும் புள்ளியில் இருக்கிறது.

புலியை நடுவிலிருந்து ஓரத்திற்கு இழுக்கும் பொருட்டு வைக்கப்படும் ஆட்டை இக்கட்டுரை இரையாடு எனக் குறிக்கிறது. மேல்வரி 3-இல் புலி, 2-இல் இரையாடு, 1 வெற்றிடம், நடுவரி 1, கீழ்வரி 1 இரண்டிலும் முன்பே ஆடுகள் உள்ளன. புலி இரையை வெட்டி ஓரத்தில் இறங்குகிறது. தேவை 7-இலிருந்து 4 ஆனது, இழப்பு 1. மேலோட்டமாகப் பார்த்தால் நிகர ஆதாயம் 2.

ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை. பாய்ந்த புலி தன் பின்னே இரண்டு வெற்றிடங்களை விட்டுச் செல்கிறது: தான் நின்ற 3, ஆடு நின்ற 2. முதலில் 2-ஐ நிரப்பினால் அவ்வாட்டைத் தாண்டிப் புலி 3-க்குத் திரும்பிவிடும். எனவே 3-ஐ முதலிலும் 2-ஐப் பின்னரும் நிரப்ப வேண்டும். இடையில் புலிக்கு ஒரு முறை கிடைக்கிறது; அதில் அது 2-க்கு நழுவலாம். நழுவாதிருக்க அதே நேரத்தில் வேறொரு புலிக்கு வேறோர் இரை காத்திருக்க வேண்டும். அந்த இரையையும் புலியாட்டக்காரர் எடுத்தால் ஓரப்புலி அடைபடும். அப்போது இழப்பு 2, மிச்சம் 3, நிகரம் 1. எடுக்காமல் ஓரப்புலியை நழுவ விட்டால் ஓர் ஆடு வீணே போயிற்று.

இரையின் விலை ஆட்டத்தின் கட்டத்தைப் பொறுத்தும் மாறுகிறது. ஆடுகளை வைக்கும் கட்டத்தில் கையிலுள்ள ஆட்டை எவ்வெற்றிடத்திலும் வைக்கலாம். 3-ஐயும் 2-ஐயும் உடனுக்குடன் நிரப்ப இயலும். நகர்த்தும் கட்டத்தில் அடுத்த புள்ளியில் ஆடு இருந்தால்தான் அது முடியும். இழப்பே இல்லாமல் 15 ஆடுகளும் இறங்கினால் களத்தில் 5 வெற்றிடங்களே இருக்கும். வெட்டுண்ட ஒவ்வோர் ஆடும் ஒரு வெற்றிடத்தைக் கூட்டுகிறது. வெற்றிடம் புலிக்கு மூச்சு.

எத்தனை ஆடுகளை இழக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மேல்வரியின் இரு முனைகள், அடிவரியின் ஒரு முனை எனப் புலிகள் தனித்தனியே அடைபட்டால் 12 ஆடுகள் தேவை, இழக்கத்தக்கவை 3. நான்காவது ஆடு போனால் இவ்வழி அடைபடும். மூன்று புலிகளும் ஒரே பக்கக்கோட்டின் மூன்று புள்ளிகளிலும் நெருங்கி நின்றாலோ ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். மூன்று வரிகளிலும் அடுத்தடுத்த இரு புள்ளிகளை நிரப்ப 6 ஆடுகளே போதும். அந்நிலையில் ஏழாவது, எட்டாவது ஆட்டின் இழப்பும் தாங்கத்தக்கதே. எந்த ஆடு ‘முதல்’ என்பதைப் புலிகள் நிற்கும் இடமே தீர்மானிக்கிறது.

ஒப்பும் வேறுபாடும்

இரண்டிலும் அழிவது எண்ணத்தக்கது: உயிர்ப்புள்ளி, ஆடு. இரண்டிலும் ஆவது உடனே தெரிவது: கையில் அட்டை, ஓரத்தில் புலி. ஊதியமோ இரண்டிலும் பின்வரும் முறைகளில்தான் தெரியும். ‘ஓர் ஆட்டுக்கு எவ்வளவு மதிப்பு’ என்ற வினாவுக்கும் ‘ஓர் உயிருக்கு எவ்வளவு மதிப்பு’ என்ற வினாவுக்கும் களநிலையைச் சொல்லாமல் விடையில்லை.

வேறுபாடும் முக்கியமானது. மந்திரம் களமிறங்கிய பின் அதன் விலையைச் செலுத்துவதும் நிறுத்துவதும் உரியவர் கையில் உள்ளன. இரையாட்டை எடுப்பதும் மறுப்பதும் எதிரியின் கையில் உள்ளன. தூண்டிலின் பயன் மீனின் பசியைச் சார்ந்தது. ஆகவே தேர்ந்த புலியாட்டக்காரருக்கு எதிராக இரையாட்டின் ஊதியம் குறையும். மந்திர அட்டையை மதிப்பிடக் களத்தை அறிந்தால் பெரும்பாலும் போதும். இரையாட்டை மதிப்பிட எதிரே இருப்பவரையும் அறிய வேண்டும்.

இவ்விடத்தில் ஒற்றுமை உருவகத்தின் குறை தெளிவாகிறது. ஆடுகளின் வெற்றிக்குப் பின்னால் திட்டமிட்டுக் கொடுக்கப்பட்ட ஆடுகள் இருக்கக்கூடும். பலகையில் அது குற்றமன்று. பதினைந்தும் ஒருவரின் காய்களே. அவ்வெற்றியை எளியோர் ஒற்றுமைக்கு உவமையாக்கும்போது, யார் யாரை இரையாக்கினார் என்ற வினா கூடவே வருகிறது. அவ்வினாவை எழுப்பாத விளக்கம் ஆட்டத்தின் செலவுப் பக்கத்தை மறைத்து வரவுப் பக்கத்தை மட்டும் படிக்கிறது.

முடிவுரை

ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டின் இழப்பு தானாக நட்டமும் அன்று, தானாக உத்தியும் அன்று. ஓரத்துக்கு வந்த புலியை இரண்டு முறைகளுக்குள் அடைக்க முடியுமா என்பதே இரையாட்டை மதிப்பிடும் உரைகல். சரியாக அமைந்தாலும் ஆதாயம் ஓர் ஆட்டளவே; அந்த ஒன்று ஆட்டத்தை முடிவுசெய்யப் போதுமானது. அட்டை ஆட்டத்தில் முதலில் தவறாக மதிப்பிடப்பட்ட ஒரு மந்திரம் ஓராண்டிற்குள் சரியான மதிப்பைப் பெற்றது. ஆட்டங்களையும் கட்டுகளையும் ஆடியோர் எழுதிவைத்து விவாதித்தமையே அதற்கு வழிசெய்தது. ஆடுபுலிக்கு அத்தகைய பதிவு நம்மிடம் இல்லை.

எனவே புதுக்கோட்டை வட்டாரக் கள ஆய்வுகளில் விதிகளோடு முழு ஆட்டங்களும் பதிவுசெய்யப்பட வேண்டும். 23 புள்ளிகளுக்கும் பெயரிட்டு ஒவ்வொரு நகர்வையும் குறித்தல், ஆடு வெட்டுண்ட இடங்களில் ‘இதைத் தெரிந்து கொடுத்தீர்களா?’ என்று இரு தரப்பினரிடமும் கேட்டல், ஊர்தோறும் மாறும் விதி விலையை எவ்வாறு மாற்றுகிறது என ஒப்பிடல் ஆகிய மூன்றும் தொடக்கத்திற்குப் போதும். இவற்றைச் செய்யாவிடில், வட்டச்சில்லு கிடைத்து ஆட்டம் கிடைக்காத நிலை ஆடுபுலிக்கும் நேரும்.