நான்கு முறை வீசாத பந்து

பெரியகுளத்தில் மே மாதம் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டி பார்த்துப் பழகியவர்களுக்கு இது தெரியும்: கூடையில் விழுந்த பந்தை ஊரே எண்ணும், கோணம் சரியில்லை என்று ஆட்டக்காரர் வீசாமல் நிறுத்திக்கொண்ட பந்தைப் பயிற்சியாளர்தான் எண்ணுவார். 2024 மே 30 காலை 7.15 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததையும் அவர் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் காஸ்மோஸ், தன் முதல் ஆளில்லாச் சோதனை ராக்கெட்டைத் தனக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்து அன்று செலுத்தியது. அக்னிபான் சார்ட்டட் என்று பெயர். 6.2 மீட்டர் உயரம், 575 கிலோ எடை, ஒற்றை எஞ்சின். அது ஐந்தாவது முயற்சி. மார்ச் 22-ல் தொடங்கி நான்கு தடவை ஏவுதல் நின்றுபோனது. மே 28 அன்று புறப்பட 5 விநாடி இருக்கும்போது, பற்றவைக்கும் கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று நிறுத்தினார்கள். என் கணக்கில் அந்த அணியின் மிகச்சிறந்த ஆட்டம் அந்த 5 விநாடிதான்.

திட எரிபொருள் ராக்கெட்டைப் பற்றவைத்துவிட்டால் அணைக்க வழியில்லை. அக்னிபான் வேறு ரகம். மைனஸ் 183 டிகிரிக் குளிரில் திரவ ஆக்சிஜன், கூடவே விமான எரிபொருள். இரண்டும் உரிய அழுத்தத்தில், உரிய வரிசையில் சேர வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் எஞ்சினே சிதறலாம். இந்த வகை எஞ்சின் இந்தியாவில் அதற்கு முன் பறந்ததேயில்லை. போதாததற்கு, அதை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக அச்சிட்டிருந்தார்கள். இத்தனை புதுமையைச் சுமந்துகொண்டு அவசரப்படாமல் இருந்தார்களே, அதற்குத்தான் முதல் மதிப்பெண்.

உயரத்தைப் பார்ப்பவர்கள், 2022 நவம்பரில் ஹைதராபாத் ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் 89.5 கிலோமீட்டர் எட்டியதைச் சொல்வார்கள். அக்னிபான் ஏறியது சில கிலோமீட்டர்தான். ஆனால் வழிகாட்டும் தண்டவாளம் எதுவும் இல்லாமல் செங்குத்தாக எழும்பி, காற்றின் போக்குக்கு ஏற்பத் தானே திரும்பிக்கொண்டது. கணவாய்க் காற்று எப்படி ஆளைத் தள்ளும் என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காற்றில் தடம் பிடித்துப் போவது உயரத்தைவிடப் பெரிய விஷயம்.

புறப்படும் முன் பொறுமையாகச் சரிபார்ப்பதில் பெரிய நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் 2019 டிசம்பரில் ஆளில்லாமல் கிளம்பியபோது அதன் கடிகாரம் 11 மணி நேரம் பிசகியிருந்தது. விண்வெளி நிலையத்தை எட்டாமலே இறங்கியது. தரையில் முழு ஒத்திகை பார்த்திருந்தால் அங்கேயே அகப்பட்டிருக்க வேண்டிய பிழை அது.

அக்னிகுல்லுக்கு இனிதான் கடினமான ஆட்டம். 100 கிலோ சரக்கை 700 கிலோமீட்டர் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகும் முழு ராக்கெட்டின் முதல் நிலையில் ஏழு எஞ்சின்கள் வரை இருக்கும். அவை ஒரே நொடியில், ஒரே அழுத்தத்தில் பற்றுகின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.