ஃபியூஸ் பார்க்கத் தெரிந்தவர்

ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தன் கடைசி நூறு கிலோமீட்டருக்குள் திருநெல்வேலியைத் தொட்டுக்கொண்டு போகிறது. பின்னால் பெட்டியும் மழைக்கோட்டும் கட்டிய மோட்டார் சைக்கிள்கள் வருஷம் முழுக்க இந்தப் பக்கம் வரும். அவற்றில் சிலவற்றுக்கு ஊர் வந்து சேரும்போது ஒரே வியாதி. இன்ஜின் ஓடும், ஹெட்லைட் எரியும், ஹார்ன் அடிக்கும். ஹேண்டில்பாரில் இருக்கிற போன் சார்ஜர் மட்டும் செத்துக் கிடக்கும், கூடவே ஃபாக் லேம்பும். ஆக்சஸரி ஃபியூஸ் போய்விட்டது.

இதை மாற்றுவதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சீட்டைத் தூக்கி, போனதை இழுத்துப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. செருகுகிற அந்த அரை நிமிஷத்தில் எனக்கும் பெரிய ஆர்வம் இல்லை. போனதை இழுத்ததற்கும் புதியதைச் செருகுவதற்கும் நடுவே ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அம்பாசமுத்திரம் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. வேலை செய்கிறவருக்கு அறுபது வயதிருக்கும். வண்டிக்கார இளைஞருக்குப் பாபநாசம் தாண்டி மலைக்குப் போகிற அவசரம்.

“அண்ணாச்சி, புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, கிளம்பணும்.”

“போடலாம் தம்பி. போட்டா அதுவும் போயிரும். எங்க முட்டுதுன்னு பாத்துட்டுப் போடுவோம்.”

ஃபியூஸை அவர் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சிவப்புப் பிளாஸ்டிக்குக்குள் இருந்த மெல்லிய உலோக வளைவு காணோம். உள்பக்கம் முழுக்கக் கரி அப்பியிருந்தது. கம்பி எங்கேயோ வண்டியின் இரும்பில் நேராக முட்டியிருக்கிறது, ஒரே அடியில் போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பாரம் தாங்காமல் போகிற ஃபியூஸின் முகமே வேறு. அதில் நடுவில் மட்டும் சுத்தமாக அறுந்திருக்கும், கரி இருக்காது. இரண்டு முகத்தையும் ஒரு பார்வையில் பிரித்துச் சொல்கிறவரிடம் வண்டியை நம்பி விடலாம்.

பாரம் எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் வண்டியில் 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் மொத்தம் 120 வாட். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு போட்டால் அதிலேயே 9 ஆம்பியர் போய்விடும். அந்த இரண்டையும் எரியவிட்டுக்கொண்டே டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பை அதே சாக்கெட்டில் செருகுவார்கள். அது தன் பங்குக்கு 8, 10 ஆம்பியர் கேட்கும். அளவைப்போல இரண்டு மடங்கு மின்சாரம் போனால் ஃபியூஸ் சில வினாடிதான் தாங்கும். அளவைவிட மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடினாலோ, உடனேயும் போகலாம், பத்து நிமிஷம் இழுத்துக்கொண்டும் கிடக்கலாம். ‘சேரன்மகாதேவி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு’ என்று ஆட்கள் சொல்வது பொய்யில்லை.

கொட்டகைக்காரர் அடுத்துச் செய்ததற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். 21 வாட். அடியில் இரண்டு ஒயர் பற்றவைத்து, முனைகளில் தகடு வைத்திருந்தார். சார்ஜரையும் விளக்குகளையும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்தப் பல்பை மாட்டினார். சாவியைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. வாங்கிக்கொள்ள எதுவுமே இல்லாத இடத்துக்கு மின்சாரம் ஓடுகிறது. அப்படியென்றால் கம்பி இரும்பில் முட்டிக்கொண்டிருக்கிறது. பல்பு நடுவில் நிற்பதால் 2 ஆம்பியருக்கு மேல் போக வழியில்லை. எவ்வளவு நேரம் தேடினாலும் எதுவும் கருகாது. இது தெரியாதவர்கள் ஒன்று மாற்றி ஒன்றாக ஃபியூஸைச் செருகி அத்தனையையும் கருக்குவார்கள்.

பிறகு ஹேண்டில்பாரை இடது கோடிக்குத் திருப்பினார். பல்பு எரிந்தது. மெதுவாக வலது பக்கம் கொண்டுவந்தார். பாதி வழியில் பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டி அணைந்தது. மறுபடி இடது, எரிந்தது. அவர் கம்பியைப் பார்க்கவே இல்லை, கண் பல்பிலேயே இருந்தது. டேங்கை லேசாகத் தூக்கி, ஸ்டீயரிங் கழுத்தில் விரலை விட்டு ஒரு ஒயரை வெளியே இழுத்தார். மேலுறை உராய்ந்து, அரிசி நீளத்துக்குச் செம்பு தெரிந்தது. ஃபாக் லேம்ப் போட்டுக்கொடுத்த ஆள் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறார். ஹேண்டில் திரும்புவதற்குத் தளர்வு விடவில்லை. அவ்வளவுதான் நோய். டேப் சுற்றி, மேலே ஒரு ரப்பர் குழாய் போட்டு, கம்பிக்கு ஒரு வளைவு தளர்வு கொடுத்துக் கட்டினார். அதற்கப்புறம்தான் புதிய ஃபியூஸைத் தேடினார்.

கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர் அவர். பிளாஸ்டிக் தலையும் இரண்டு தகட்டுக் காலும் உள்ள இன்றைய ஃபியூஸ் 1976-இல் அமெரிக்காவின் லிட்டெல்ஃபியூஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அழகான சாமான் என்று கூசாமல் சொல்வேன். 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறமே அளவைச் சொல்லிவிடும். தலையில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு இடத்தில் உலோகம் வெளியே தெரியும். டெஸ்ட் லேம்பை அந்த இரண்டிலும் தொட்டுப் பார்த்தாலே போயிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், கழற்றவே வேண்டாம். இதைக் கவனித்திருக்கிறவர்கள் குறைவு.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு ஃபியூஸ் ஒன்றும் புதிதில்லை. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் கம்பி சுற்றுகிற அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த வீடுகள் இங்கே ஏராளம். அந்தக் காலத்துப் பாவம் ஒன்றும் கூடவே வந்தது: ஃபியூஸ் கம்பி கிடைக்காவிட்டால் செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவது. மோட்டார் சைக்கிளில் அதுவே சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாளாக மாறியது. இப்போது சிவப்பு நிற்காவிட்டால் மஞ்சளைப் போடு என்கிறார்கள். 10 ஆம்பியருக்காக இழுத்த ஒல்லி ஒயரில் 20 போனால் ஃபியூஸ் சும்மா இருக்கும், ஒயர் உருகும். அது போகிற வழியோ பெட்ரோல் டேங்குக்கு அடியில். இப்படிச் செய்து கொடுப்பவரைச் சாமர்த்தியசாலி என்று புகழ்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தப் புகழ்ச்சியில் உடன்பாடு இல்லை.

ஆக்சஸரிக்கென்று தனி ஃபியூஸ் வைத்தவனை நினைத்தால் மரியாதை வருகிறது. சார்ஜர் கம்பி முட்டியதற்காக மணிமுத்தாறு இருட்டில் ஹெட்லைட் அணையக் கூடாது என்று யோசித்திருக்கிறான். நாமாக ஏதாவது பூட்டும்போதும் இதே யோசனை வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வர வேண்டும். அதற்கு முன்னால் உள்ள கம்பிக்குக் காவல் கிடையாது.

நெல்லைப் பக்கம் வண்டியில் வருகிறவர்கள் ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஃபியூஸையும், ஒயர் பற்றவைத்த ஒரு 21 வாட் பல்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் கடைக்குப் போக நேர்ந்தால், போன ஃபியூஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புதியதைச் செருகுகிறவருக்குக் காசைக் கொடுத்துவிட்டு அடுத்த கடையில் நிறுத்துங்கள்.