டிரேஸ் படம்

லாக் வரிகளைப் படிப்பதில் எனக்குப் பெரிய ருசி இல்லை. டிரேஸ் படம் அப்படியல்ல. ஆர்டர் பட்டனைத் தட்டியதும் அந்தக் கோரிக்கைக்கு 32 இலக்க ஹெக்ஸ் எண் ஒன்று கிடைக்கிறது. கார்ட், பேமென்ட், ஸ்டாக் என்று எந்த சர்வீஸுக்குப் போனாலும் ஹெடரில் அதுவும் கூடவே போகும். அந்த எண்ணை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைப் பட்டைகளாக அடுக்கினால், அதுதான் டிரேஸ் படம். கூகுள் தன் டிரேசிங் அமைப்பான டாப்பர் பற்றி 2010இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த வழி இது. ஜிப்கின், ஜெய்கர் போன்ற டிரேசிங் கருவிகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

மெட்ரிக்ஸ் ‘தாமதம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இங்கோ, 2 நொடியில் 1.8ஐ விழுங்கிய பட்டை திரையில் நீட்டிப் படுத்திருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, பொடிப்பொடியாக வரிசைகட்டும் பட்டைகள்: ஒரே வினவலை லூப்புக்குள் வைத்து டேட்டாபேஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்! புரோகிராமை மேலோட்டமாகப் படித்தால் இது கண்ணில் படவே படாது. என்ன, இடையில் ஒரு சர்வீஸ் ஹெடரைக் கடத்தாமல் விட்டால் படம் அங்கேயே அறுந்துபோகும், எரிச்சல்தான்.