பழவேற்காட்டில் பறவை பார்ப்பது எப்படி?

பழவேற்காடு ஏரிக்குப் போய்வந்த பலர், "தூரத்துல வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த வெள்ளைக் கோட்டுக்குள் பல இனப் பறவைகள் அருகருகே நின்று இரை தேடுகின்றன. அவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பறவையைப் பார்ப்பதற்கு முன், அது நிற்கும் தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள்.

சென்னை அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்துக்காரர்களுக்கு வழி சுலபம். செங்குன்றம் போய், ஜி.என்.டி. சாலையில் தச்சூர் கூட்டுரோடு, பிறகு பொன்னேரி, பழவேற்காடு. ரயிலில் வருபவர்கள் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழகப் பகுதி 1980இல் சரணாலயமானது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கிடக்கிறது. ஆரணியாற்று நீரும் முகத்துவாரம் வழியே வரும் கடல்நீரும் இங்கே கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிறையும் ஏரி, ஜனவரி முதல் மெல்ல வற்றும். சேற்றுத் திட்டுகள் வெளியே வரும். பறவை பார்க்க அதுவே பருவம்.

ஸ்காட்லாந்துக் கடலோரச் செங்குத்துப் பாறைகளில் பறவைகள் உயரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. உச்சி மண்ணில் வளை தோண்டுவது பஃபின். குறுகிய பாறை விளிம்பில் முட்டையிடுவது கில்லமாட். பழவேற்காட்டில் பாறை இல்லை, ஆழத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஈரச்சேற்றில் ஓடி, நின்று, கண்ணால் கண்டதைக் கொத்துவது குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி. நீண்ட அலகைச் சேற்றுக்குள் செருகித் தொட்டறிந்து தின்பது உள்ளான். இன்னும் உள்ளே, இளஞ்சிவப்புக் கால்களோடு நிதானமாக நடப்பது நெடுங்கால் உள்ளான்.

அதற்கும் அப்பால் பூநாரை. பைனாகுலரில் அதன் தலையை மட்டும் கவனியுங்கள். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்துத்தான் உண்ணும். தடித்த நாக்கு பம்பு போல இயங்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடைத் தகடுகளில் சிற்றுயிர்கள் தங்கிவிடும். சில சமயம் ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். பூநாரையின் சிவப்பு நிறம் இரையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் தந்தது. கூட்டத்தில் சாம்பல் பூத்தவை தெரிந்தால், அவை இன்னும் நிறம் ஏறாத இளம் பறவைகள்.

வானத்திலும் வேறுபாடு உண்டு. அலகைக் கீழ்நோக்கி வைத்தபடி பறந்து, மீனைக் கண்டதும் செங்குத்தாகப் பாய்வது ஆலா; பெரிய சிவப்பு அலகு தெரிந்தால் காஸ்பியன் ஆலா. மீன்பிடி படகுகளைச் சுற்றிச்சுற்றி வருபவை கடற்காகங்கள்.

மேற்குக் கரையிலுள்ள அண்ணாமலைச்சேரியில் மாலை மூன்று மணிக்கு மேல் நின்றால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், நிறங்கள் துல்லியமாகத் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் ஒருசேரத் தலைதூக்கினால், நீங்கள் மிக அருகே போய்விட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். வீணாகப் பறக்கவைத்தால், நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு கரைந்துபோகும்.

முடிந்தால் மார்ச் கடைசியில் மறுபடி போங்கள். குளிர்காலத்தில் வெள்ளைத் தலையும் கண்ணுக்குப் பின்னே கரும்புள்ளியுமாக இருந்த பழுப்புத்தலைக் கடற்காகங்களில் பலவற்றுக்கு அப்போது தலை முழுக்கப் பழுப்பேறியிருக்கும். லடாக், திபெத் ஏரிகளில் கூடுகட்டக் கிளம்பும் கோலம் அது.