குரோமுக்கு விடை கிடைத்தது, உப்புக்கு?

சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'தண்ணீரில்லா குரோம் பதனிடல்' தோல் கழிவால் கெட்டுப்போன பாலாற்றை மீட்டுவிடும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே அடிபடுகிறது. கண்டுபிடிப்பு அசல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆற்றை மீட்குமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளின் வழக்கமான முறை இது: சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய தோலை, டிரம்மில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் சுழலவிடுவார்கள். உப்பு சேராமல் அமிலம் மட்டும் பட்டால் தோல் ஊதிப்போகும். அடுத்து குரோமியம் சல்பேட், கடைசியில் சோடா. தோல் நீலம் பாய்ந்து 'வெட் புளூ'வாக வெளியே வரும். போட்ட குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும். மீதி கழிவுநீரோடு போகும். புதிய முறையில் பதனிடலுக்கு முந்தைய கட்டமும் பிந்தைய கட்டமும் கிடையாது. டிரம்மில் தண்ணீரும் ஊற்றுவதில்லை. குரோமியச் செலவு 15 முதல் 20 விழுக்காடு குறையும், கழிவுநீரில் கரைந்த உப்புகள் 20 விழுக்காடு குறையும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

குரோமியம் குறைவதை அலட்சியப்படுத்த முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். குரோமியம் குறைந்தால் கசடும் குறையும்; எவ்வளவு குறைந்தாலும் லாபமே. ஆனால் அதே ஊரில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை இதோடு சேர்த்துப் பேசக்கூடாது. அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் வகை. டேனரி டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் வகை. முன்னதை இந்தக் கண்டுபிடிப்பு தொடவே இல்லை.

உரசிப் பார்க்க வேண்டியது, உப்பு குறையும் என்ற அந்த 20 விழுக்காட்டைத்தான். பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தடவி லாரியேற்றுகிறார்கள். தோல் மண்டியில் மடிப்பைப் பிரித்தால் கல்லுப்பு பொலபொலவென்று கொட்டும். தோலை ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே, குரோம் பக்கத்தில் வருமுன்பே, டேனரியின் உப்பில் பெரும்பங்கு வெளியேறிவிடுகிறது. குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டுக் கசடாகப் படியவைக்கலாம். சாதாரண உப்பு அப்படிப் படியாது. சவ்வூடு பரவல், ஆவியாக்கி என்று செலவழித்துப் பிரித்தெடுத்தாலும் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை, கொட்டகைகளில் குவிகிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் கரிப்பதற்கு முதல் காரணம் இந்த உப்பே.

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இதே பாலாற்று மாசு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் தொழில்நுட்பத்துக்குப் பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே என் கணிப்பு: பதனிடும் கலையில் இது பெரிய முன்னேற்றம், ஆற்றுக்கோ சின்ன உதவி. ஊறவைக்குமுன் உப்பை உதறி எடுப்பது, அறுப்புக்கூடத்திலேயே தோலைக் குளிரூட்டிக் காப்பது போன்ற வழிகளுக்கு இந்தக் கண்டுபிடிப்பின் கவர்ச்சி இல்லை. சாதாரணமான, கைவலிக்கும் வேலைகள். அறுப்புக்கூடங்களும் எங்கெங்கோ, சிறுசிறு கைகளில் சிதறிக்கிடக்கின்றன. ஆனாலும் பாலாற்றின் பெயரால் அரசு பணம் ஒதுக்குவதானால், முதல் ரூபாய் அங்கேதான் போக வேண்டும், டிரம்முக்கு இரண்டாம் இடம்.